மேற்குன்றத்து மகளின் மூச்சு

மலைமேல் மழை தப்பாது பெய்க. கழிமேல் காற்று நேர்நின்று வீசுக. மேகம் தங்கும் முகடுகளுக்கும், தேனடை தொங்கும் பாறைகளுக்கும், வேங்கை பூக்கும் சாரல்களுக்கும் உரிமை பூண்டவராகிய மேற்குன்ற நாட்டு மன்னர் அடலேறு கோமான் திருமுன்னர், நெடுங்கழி நாட்டு அரசி நீலவஞ்சிப் பிராட்டியாரின் ஆணையை ஏற்று, அவர்தம் ஓலைநாயகம் வெண்காரி பணிந்து வரையும் ஓலை. மன்னர்தம் குடி வாழ்க. கோப்பெருந்தேவியார் நலம் பெறுக. யானைகளும் ஆனிரைகளும் நோயின்றிப் பெருகுக.

இவ்வோலை நன்றி சொல்வதற்காக எழுதப்படுவது. மன்னர் அனுப்பிய ஓலையோ சினத்தோடு வந்தது. சினத்துக்கு நன்றியை விடையாக எழுதுவது அரண்மனை வழக்கமில்லை என்று வெண்காரி எடுத்துச் சொல்லிப் பார்த்தான். நடந்ததை நடந்தபடி எழுதினால் நன்றி தானே வந்துவிடும், நீர் எழுதும் என்று அரசியார் முடித்துவிட்டார். ஆகவே மன்னர் பொறுமையோடு கேட்டருள வேண்டும்.

மன்னரின் ஓலையைப் படைத்தலைவர் கருங்கணையார் கொண்டுவந்தார். மலையில் பிறந்த பிள்ளை கடலையும் அறியட்டும் என்று, இரு நாட்டு நட்பின் பேரால் ஓராண்டுக்கு எங்களிடம் விட்டிருந்த தம் ஒரே மகள் இளவரசி வேங்கைநாச்சி, கழியில் நடந்த நீச்சல் போட்டியில் கடைசியாக வந்தாள் என்றும், வென்றவள் திரும்பிப் போய்த் தோற்ற பகைவரைச் சிறைபிடித்து நடத்துவது போல அவளைப் பக்கத்தில் வைத்துக் கரைக்குக் கொண்டுவந்தாள் என்றும், இது மேற்குன்றத்துக்கே நேர்ந்த அவமதிப்பு என்றும் மன்னர் சினந்திருந்தார். அதோடு விட்டாரா? வரப்போகும் சடுகுடு ஆட்டத்தைப் படைத்தலைவர் உடனிருந்து பார்க்க வேண்டும், அயல்மண்ணில் மறுமுறையும் தோற்பாளாயின் அன்றைக்கே அவளை அழைத்து வந்துவிட வேண்டும், இளவரசுப் பட்டம் தம்பியின் மகனுக்குச் சூட்டப்படும் என்றும் எழுதியிருந்தார். இதை மகளுக்கும் படித்துக் காட்டுக என்பது கட்டளை. படித்துக் காட்டினோம். இளவரசி முழுதும் கேட்டாள், ஓலையைத் தன் கையில் ஒருமுறை வாங்கிப் பார்த்தாள், அன்று பகல் உணவுக்கு வரவில்லை.

முதலில் அந்த நீச்சலைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். மலைநாட்டில் ஓட்டமானாலும் வில்லானாலும் பாறை ஏற்றமானாலும் வேங்கைநாச்சி தனக்கு முன்னால் இன்னொருவர் முதுகைக் கண்டதில்லை. இங்கே கழிநீரில் இறங்கியதும் எல்லார் முதுகையும் கண்டாள். மூக்கிலும் வாயிலும் உப்புநீர் ஏறி, கை ஓய்ந்து, கரையில் நிற்கிறவர்களின் ஆரவாரம் வேறு யாருக்கோ என்று கேட்டுக்கொண்டு அவள் வந்துகொண்டிருந்தபோது, எப்போதோ கரையேறிவிட்ட படகுத் தச்சர் மகள் கடலாச்சி மறுபடி நீரில் குதித்து, இவளிடம் நீந்தி வந்து, இவள் வேகத்துக்குத் தன் வேகத்தைக் குறைத்துக்கொண்டு கூடவே நீந்தினாள். இளவரசிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. மலையில் தோற்றவன் பக்கத்தில் நடந்து வருகிறவன் அவனைச் சிறைபிடித்தவன் மட்டுமே என்பது மன்னர் அறிந்ததே. கரையேறியதும் கடலாச்சியின் தோளைப் பிடித்து உலுக்கி, வாளெடு என்றாளாம். கடலாச்சியிடம் வாள் ஏது? துடுப்பு ஒன்று கிடந்தது, அதை எடுக்கவா என்று கேட்டிருக்கிறாள்.

பிறகுதான் செய்தி விளங்கியது. நெடுங்கழியில் கடைசி ஆள் கரையேறாமல் எந்த நீச்சலும் முடிந்ததாகக் கணக்கில்லை. முதலில் வந்தவரிடந்தான் மிச்சம் மூச்சு இருக்கும், ஆகையால் திரும்பிப் போய்க் கடைசியில் வருபவரை அழைத்து வருவது வென்றவரின் கடமை. அதைச் செய்யாதவருக்கு இங்கே மாலை கிடையாது. இது அருளும் இல்லை, இளக்காரமும் இல்லை, நீரோடு வாழ்கிறவர்களின் நடைமுறை. இளவரசியோடு வந்திருந்து மன்னருக்குச் செய்தி அனுப்பிய பரிவாரத்தார் பாதி பார்த்துவிட்டு ஓலை தீட்டப் போய்விட்டார்கள். மீதியையும் பார்த்திருந்தால், அன்று மாலையே இளவரசி கடலாச்சி வீட்டு வாசலில் போய் நின்று, எனக்கு நீந்தக் கற்றுத் தா என்று கேட்டதையும் எழுதியிருப்பார்கள். அவள் அவ்வாறு கேட்டு நிற்க எவ்வளவு பாடுபட்டாள் என்பது அந்த முகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இனிச் சடுகுடு. தனியாக ஓடி, தனியாக வென்று, தனியாகவே மாலை சூடிப் பழகிய பிள்ளைக்குக் கூட்டத்தோடு ஆடுவது எளிதில் வந்துவிடுமா? படகுத்துறைப் பிள்ளைகள் அவளைத் தம் பக்கம் சேர்த்துக்கொண்டார்கள். சேர்த்துக்கொண்ட பாவத்துக்கு நன்றாக அனுபவித்தார்கள். எதிர்க்களத்துக்குப் பாடிப் போகும் முறை யாருக்கு வந்தாலும் இவளே போனாள். எதிரியை மடக்கக் கைகோத்து நிற்க வேண்டிய இடத்தில் கையை உதறிவிட்டு முன்னால் பாய்ந்தாள். பிடிபட்டால் மற்றவர்கள் மேல் எரிந்து விழுந்தாள். நாலைந்து நாள் பொறுத்துப் பார்த்த கடலாச்சி ஒருநாள் ஆட்டத்தின் நடுவில் மணலில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். அவளைப் பார்த்து அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நீங்களே ஆடிக்கொள்ளுங்கள் நாச்சியாரே, நாங்கள் இருந்து வேடிக்கை பார்க்கிறோம் என்று பணிவாகத்தான் சொன்னார்கள். மேற்குன்றத்து இளவரசி எதிர்க்களத்தார் அத்தனை பேருக்கும் எதிரே ஒற்றை ஆளாய் நின்றாள். அந்த ஆட்டம் எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்க வேண்டாம், வெற்றிலை மடித்து வாயில் போடுமுன் முடிந்துவிட்டது.

அன்று அவள் அழவில்லை, ஆளை ஏவவில்லை, தந்தையின் பெயரைச் சொல்லவில்லை. மணலைத் தட்டிக்கொண்டு எழுந்து வந்து, உட்கார்ந்திருந்தவர்கள் நடுவில் தானும் உட்கார்ந்தாள். கைகோத்து நிற்கும்போது இடப்பக்கம் நிற்பதா வலப்பக்கம் நிற்பதா என்று கேட்டாள். கடலாச்சி தன் இடப்பக்கத்தைக் காட்டினாள். அந்த இடத்தை இளவரசி அதன்பின் விடவேயில்லை. வெல்லும் ஆசை அவளுக்குக் குறைந்துவிட்டது என்று மன்னர் எண்ண வேண்டாம், அது கூடியிருந்தது. தனக்காக மட்டும் வென்றுகொண்டிருந்தவளுக்கு, எப்போதும் தோற்றே பழகிய படகுத்துறைப் பிள்ளைகளுக்காகவும் வெல்ல வேண்டியிருந்தது.

இந்த ஆட்டத்தில் எங்கள் நாட்டு வழக்கம் ஒன்று உண்டு. மலைநாட்டில் பாடிப் போகிறவரின் மூச்சைக் கவனிக்க நடுக்கோட்டருகே காதுகூர்ந்து ஒரு நடுவர் நிற்பார் என்று படைத்தலைவர் சொன்னார். எங்கள் களத்தில் மூச்சுக்கு நடுவர் கிடையாது. கோட்டைக் கடக்குமுன் மூச்சு அறுந்தால், பாடிப் போனவரே நின்று, மூச்சு விட்டேன் என்று சொல்லி வெளியேற வேண்டும். நெஞ்சுக்குள் நடப்பது நெஞ்சுக்குரியவருக்குத்தான் தெரியும் என்பது எங்கள் முன்னோர் எண்ணம். ஆனால் இதைப் பெருமையாக எழுத வெண்காரிக்குக் கூச்சமாக இருக்கிறது. ஏனெனில் சில ஆண்டுகளாக எங்கள் பிள்ளைகள் விழுங்கப் பழகிவிட்டார்கள். மூச்சு அறுந்தும் பாடுவது போல உதட்டை அசைத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவார்கள். பழி சொல்லலும் மறுத்தலும் அடிதடியுமாய்க் களம் சந்தையாகிவிட்டது. நாமும் இனி நடுவரை வைத்துவிடுவோம் என்று ஊர்ச்சபை முடிவெடுத்து, அரசியாரின் ஒப்புதலுக்கு அனுப்பியும் விட்டது.

அந்த நிலையில்தான் ஆட்ட நாள் வந்தது. படகுத்துறைப் பிள்ளைகள் ஒருபக்கம், உப்பளத்துப் பிள்ளைகள் மறுபக்கம். வெல்லும் பக்கத்தார், படகுகள் கடலுக்குப் புறப்படும் கடலோட்டின் முதல்நாளில் அரசியாரின் படகை நீரில் தள்ளும் உரிமை பெறுவர். படகு கட்டும் குடியில் பிறந்தும், அந்தப் படகைத் தொடும் பேறு படகுத்துறைப் பிள்ளைகளுக்கு நினைவு தெரிந்து வாய்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் உப்பளத்தார் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களின் தலைவி மருதி பிடித்தால் பிடித்ததுதான், உப்பு மூட்டை தூக்கிய கை. அரசியார் பந்தரின் கீழ் அமர்ந்திருந்தார். அவருக்கு வலப்புறம் படைத்தலைவர் கருங்கணையார். இளவரசி களத்தில் இறங்குமுன் அவரை ஒருமுறை பார்த்தாள். அவர் தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு வேறுபக்கம் பார்த்தார். பிறந்த நாள் முதல் தோளில் தூக்கித் திரிந்த பிள்ளைக்குக் கெடு சொல்ல வந்த மனிதர் வேறு என்ன செய்வார்?

ஆட்டம் இழுத்தது. வெளியேறியவர்கள் வெளியேறி, கடைசியில் படகுத்துறைப் பக்கம் வேங்கைநாச்சி ஒருத்தியே மிஞ்சினாள். உப்பளத்துப் பக்கம் மருதியும் இன்னொரு நெட்டைப் பெண்ணும். பாடிப் போகும் முறை இளவரசிக்கு. இருவரையும் ஒரே மூச்சில் தொட்டு மீண்டால் வெற்றி, இல்லையேல் எல்லாம் போயிற்று. ஆடைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை வாங்கிக்கொண்டு, சடுகுடு சடுகுடு என்று பாடிப் போனாள். நெட்டைப் பெண்ணைக் கால்நீட்டித் தொட்டாள். மருதி பாய்ந்து இடுப்பைப் பிடித்தாள். பிடித்ததனால் அவளும் தொடப்பட்டவளானாள், கோட்டைத் தொட்டுவிட்டால் போதும். மருதியையும் இழுத்துக்கொண்டு, முழங்காலால் மணலை உழுதுகொண்டு, இளவரசி அங்குலம் அங்குலமாக நகர்ந்தாள். ஊரே எழுந்து நின்று கூவியது. அந்தக் கூச்சலில் அவள் பாட்டு அவள் காதைத் தவிர வேறெவர் காதிலும் விழ வழியில்லை. கை நீண்டது, விரல் கோட்டில் விழுந்தது. படகுத்துறைப் பிள்ளைகள் ஓவென்று களத்துக்குள் ஓடினார்கள். கருங்கணையார் இருக்கையை விட்டு எழுந்தேவிட்டார். மன்னருக்கு எழுத வேண்டிய நற்செய்தியை அப்போதே மனத்துக்குள் எழுதத் தொடங்கியிருப்பார்.

இளவரசி குப்புறக் கிடந்தபடியே கிடந்தாள். கோட்டுக்கு ஒரு சாண் தூரத்தில், மருதியின் பிடி விலாவை நெரித்தபோது, அவள் மூச்சு அறுந்துவிட்டது. ஒரு வாய்க் காற்று, அவ்வளவே. பிடித்திருந்த மருதிக்கே அது தெரியவில்லை. கடலாச்சி வந்து தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டபோது, அந்த அணைப்புக்குள் நின்றுகொண்டு இளவரசி என்னவெல்லாம் எண்ணினாள் என்பதைப் பின்னால் அரசியாரிடம் அவளே சொன்னாள். தந்தையின் முகத்தை எண்ணினாளாம். சிற்றப்பன் மகன் பட்டத்தில் அமர்வதை எண்ணினாளாம். எல்லாவற்றையும்விட, கடலாச்சியின் இதயம் மகிழ்ச்சியில் தன் மேல் திடும் திடும் என்று அடிப்பதைக் கேட்டுக்கொண்டு வாய் திறப்பதுதான் பெரும்பாடாக இருந்ததாம். பிறகு அணைப்பை மெல்ல விலக்கிவிட்டு, களத்தின் நடுவில் வந்து நின்று, உரக்கச் சொன்னாள்.

"மூச்சு விட்டுட்டேன். கோட்டைத் தொடறதுக்கு முன்னாடியே விட்டுட்டேன்."

கூச்சல் அடங்கியது. கருங்கணையார் பந்தரை விட்டு இறங்கிக் களத்துக்குள் நடந்தார். எல்லார் முன்னிலையிலும் அவள் அருகே குனிந்து அவர் பேசியது அரசியாருக்கும் வெண்காரிக்கும் கேட்டது. அரசவைத் தமிழில் மாற்றி எழுதினால் அதன் உயிர் போய்விடும் ஆகையால், பேசியபடியே எழுதுவதை மன்னர் பொறுத்தருள்க.

"நாச்சியா, யாருக்கும் கேக்கலை. எனக்குங்கூடக் கேக்கலை. சொன்னதுக்கு என்ன போகும்னு தெரியுமில்ல?"

"தெரியும் மாமா. எனக்குக் கேட்டுச்சே. பட்டத்துல உக்காந்த பிறகும் அது கேட்டுக்கிட்டே இருக்குமே, அப்ப என்ன செய்யட்டும்?"

போர்க்களங்களில் நரைத்த படைத்தலைவர், தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெயில் கடுமையாகத்தான் இருந்தது, ஆனால் அவர் துடைத்தது வியர்வையை அன்று.

மற்றவர்கள் எல்லாரும் உடனே மனம் உருகிவிட்டார்கள் என்று எழுதினால் அது பொய். உப்பளத்துப் பிள்ளைகள் கூத்தாடினார்கள். மருதி கையைத் தலைக்குமேல் தூக்கிச் சுற்றிச் சுற்றி ஆடினாள், வென்றவள் ஆடாமல் வேறு யார் ஆடுவது? படகுத்துறைப் பக்கத்தில் சிலர் இளவரசியிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடலாச்சி வாய்விட்டே அழுதாள். உங்களுக்கென்ன, ஊருக்குப் போய்விடுவீர்கள், படகைத் தள்ளும் முறை இனி எங்களுக்கு எப்போது வரும் என்று திட்டினாள். இளவரசி தலைகுனிந்து எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். திட்டித் தீர்த்த பிறகு கடலாச்சி தன் முந்தானையை நனைத்துக்கொண்டு வந்து, அவள் முழங்காலில் தோல் உரிந்த இடத்தில் மணலைத் துடைத்துவிட்டாள். துடைக்கும்போதும் திட்டிக்கொண்டேதான் இருந்தாள்.

மறுநாளிலிருந்து நடந்ததற்குத்தான் இந்த நாடு மேற்குன்றத்துக்குக் கடன்பட்டிருக்கிறது. சிறு பிள்ளைகள் சந்துகளில் ஆடும் ஆட்டங்களில்கூட, மூச்சு விட்டேன், மூச்சு விட்டேன் என்ற குரல்கள் கேட்கத் தொடங்கின. சொல்லாவிட்டால் மானக்கேடு என்றாகிவிட்டது. ஆளாளுக்கு ஒப்புக்கொண்டு வெளியேறியதில் எந்த ஆட்டமும் பொழுது சாயுமுன் முடிந்தபாடில்லை, தாய்மார்கள் சோற்றை வைத்துக்கொண்டு கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்தார்கள். ஊர்ச்சபையாரும் தாம் அனுப்பிய விண்ணப்பத்தைத் தாமே வந்து திரும்பப் பெற்றுக்கொண்டனர். கேட்டபோது, நடுவர் வேண்டாமென்று பிள்ளைகளே சொல்கிறார்கள் என்றனர். எங்கள் முன்னோர் கொடுத்து, நாங்கள் தொலைத்துவிட்ட ஒன்றை, மலையிலிருந்து வந்த பிள்ளை எடுத்து எங்கள் கையில் கொடுத்தாள். இதற்கு எந்த வார்த்தையில் நன்றி சொல்வது? ஓலைநாயகமாக முடிநரைத்த வெண்காரிக்கே வார்த்தை அகப்படவில்லை. அவளைப் பெற்றதற்கு நன்றி. நேர்மை அவளுக்குள் ஊறும்படி வளர்த்ததற்குக் கோப்பெருந்தேவியாருக்கு நன்றி. நம்பி எங்களிடம் அனுப்பியதற்கு நன்றி. எங்கள் பிள்ளைகளோடு புழுதியில் புரளவிட்டதற்கு, அதை மன்னர் விரும்பிச் செய்யவில்லை என்றாலும், நன்றி.

மன்னரின் கட்டளைப்படி பார்த்தால் இளவரசி தோற்றாள். மறுக்கவில்லை. கழியிலும் தோற்றாள், களத்திலும் தோற்றாள். அன்றைக்கே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டிருக்க வேண்டிய கருங்கணையார், குதிரைகளின் சேணத்தை அவிழ்க்கச் சொல்லிவிட்டு எங்கள் விருந்தினராக இருந்துவருகிறார். மன்னர் இட்ட கட்டளையைத் தம் வாழ்நாளில் முதன்முறையாகத் தாழ்த்தியிருப்பதாகவும், அதற்குரிய தண்டனையை நேரில் வந்து ஏற்பதாகவும், ஆனால் இவ்வோலைக்கு மறுமொழி வராமல் அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக் கிளம்பு என்று சொல்லத் தம்மால் ஆகாதென்றும் எழுதச் சொன்னார். இதில் எழுதியவை யாவும் தாம் கண்டும் கேட்டும் அறிந்தவையே என்பதற்குச் சான்றாகத் தம் கணையாழியையும் கீழே பதித்திருக்கிறார்.

மேற்குன்றம் ஓங்குக. நெடுங்கழி நிறைக. இரு நாட்டுப் பிள்ளைகளும் ஒரு மணலில் ஆடி வளர்க. மீன் பொறித்த அரசியாரின் முத்திரையும், வேங்கை பொறித்த படைத்தலைவர் கணையாழியும் இட்டு, ஓலைநாயகம் வெண்காரி கையொப்பம்.

முத்திரை இட்டபின் அரசியார் ஓலையைத் திரும்ப வாங்கி, ஓரத்தில் தம் ஆணையாக இதைச் சேர்க்கச் சொன்னார். பிற நாட்டு மன்னர்க்கு ஆணை எழுதுவது முறையன்று என்று வெண்காரி சொன்னான். முறை எமக்குத் தெரியும், எழுதும் என்றார். எழுதுகிறான்:

மகளுக்கே பட்டம் என்று மன்னர் சொல்வாராயின், முரசறைந்து மலையடி வரை யாமே உடன்வந்து ஒப்படைப்போம். வேண்டாம் என்று சொல்வாராயின், எமக்குப் பிள்ளை இல்லை என்பதை மன்னர் அறிவார். எம் அரியணைக்கு அவள் வேண்டும், கேட்டு நிற்கிறோம். இதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை. எல்லாம் போயிற்று என்று எண்ணி அவள் தன் துணிமணிகளை மூட்டை கட்டி வைத்துவிட்டு, எப்போது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருக்கிறாள். எந்த நாட்டுக்கு அரசியாகப் போகிறாள் என்பதையாவது அவளுக்குச் சொல்ல வேண்டும். மன்னர் விரைந்து மறுமொழி தருக.